கணக்கெடுத்தார்கள், கேட்கவில்லை

அமெரிக்கத் தேர்தல் வரும் ஆண்டுகளிலெல்லாம் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதே வாக்குச்சீட்டில், இன்ன சட்டம் வேண்டுமா வேண்டாமா என்றும் பல மாநிலங்களில் கேட்கிறார்களே, அந்த வழக்கம் நம்மிடம் ஏன் இல்லை? கலிபோர்னிய வாக்காளர்கள் இந்த அதிகாரத்தைத் தமக்கே வழங்கிக்கொண்ட நாள் 1911 அக்டோபர் 10. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் முன்மொழிவும் அன்றைய சீட்டிலேயே நிறைவேறியது. அதே 1911இல்தான், ஏப்ரல் முதல் நாளில், சித்தூர் மாவட்டம் பிறந்தது. வட ஆர்க்காட்டில் இருந்த எங்கள் காளஹஸ்தி சித்தூருக்குப் போனது. போனது என்பதைவிட, அனுப்பப்பட்டது என்பதே சரி.

அதன்பின் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திர மாநிலத்துக்கு. 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்துக்கு. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு. இவற்றில் ஒன்றுக்கும் வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை. அரசமைப்பின் 3ஆம் பிரிவு அதை எதிர்பார்ப்பதும் இல்லை. மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்துவிட்டது.

எல்லைத் தகராறு குறித்து நம்மிடையே இரண்டு கதைகள் உண்டு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடித் திருத்தணியை மீட்ட கதை ஒன்று; திருப்பதி கைநழுவிய கதை மற்றொன்று. இரண்டிலும் வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்ற தொல்காப்பியப் பாயிரம் சாட்சிக்கு வரும். மறுதரப்பில் பொட்டி ஸ்ரீராமுலுவின் 58 நாள் உண்ணாநோன்பும் உயிர்த்தியாகமும் நிற்கும். நடுவராக வந்த பட்டாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டார். பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார். அதன்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு 1960 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளின் 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குச் சென்றது. மாவட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டதைவிட இது எவ்வளவோ நியாயமான முறை. தெலுங்கு பேசுவோரே மிகுந்த சித்தூர் மாவட்டத்தை மொத்தமாக எண்ணியிருந்தால் திருத்தணி வந்திருக்காது.

எனினும் இம்முறையில் ஒரு கேள்விக்குச் சொன்ன பதில், வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கேட்டது, உன் தாய்மொழி எது என்பது. முடிவு செய்யப்பட்டதோ, நீ எந்த மாநிலத்தில் வாழ வேண்டும் என்பது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தா, பாட்டி இருவருக்கும் தாய்மொழி தமிழ். கணக்கெடுப்பில் இருவரும் ஒரே பத்தியில் ஒரே எழுத்தில் விழுந்திருப்பார்கள். ஆனால் தாத்தா துணி வியாபாரி; சரக்கும் கடனும் சென்னையிலிருந்து வந்தன; ஊர் சென்னையோடு இருந்திருக்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள், அக்கம்பக்கத்தார் தெலுங்கர்கள், மருமகளும் தெலுங்குப் பெண். “காளத்தியப்பர் எங்கேயும் போகலை, நான் மட்டும் எங்கே போக?” என்பார். ஒரே தாய்மொழி, ஒரே கூரை, இரண்டு விருப்பங்கள். பொன்முகலிக் கரையில் இத்தகைய வீடுகள் நிறைய இருந்தன. எதிர்த்திசையில் விருப்பம் கொண்ட தெலுங்குக் குடும்பங்களும் இருந்திருக்கும்.

இந்தியாவில் மக்களைக் கேட்பது இயலாத காரியமல்ல. 1949 ஜூனில் பிரெஞ்சு வசமிருந்த சந்தன்நகரில் வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரிக்கும் அப்படியொன்று 1948 உடன்பாட்டில் உறுதியளிக்கப்பட்டிருந்தது, நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். முடிவு மக்கள் மனத்துக்கு உகந்ததாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் சீட்டுக் கொடுக்கப்படவில்லை.

கோவாவில் கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தோடு இணைவதா, ஒன்றியப் பகுதியாகவே நீடிப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று கேட்கப்பட்டது. இணைவதற்குப் பூ, தனித்திருக்க இரட்டை இலை. இணைப்பை விரும்பிய முதல்வர் தயானந்த் பந்தோட்கரின் அமைச்சரவை, வாக்கெடுப்பு நேர்மையாக நடக்கவேண்டும் என்பதற்காக முன்னதாகவே விலகியது. இணைப்புக்கு 1,38,170 வாக்குகள், எதிராக 1,72,191. கொங்கணி தனிமொழியா, மராத்தியின் கிளைமொழியா என்ற வழக்கு அங்கே உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் வாக்குச்சீட்டு அதைக் கேட்கவில்லை. வீட்டில் என்ன பேசுகிறாய் என்று விசாரியாமல், நாளை எங்கே இருக்க விரும்புகிறாய் என்று மட்டும் கேட்டது. இந்த வேறுபாட்டை நம் எல்லை வரலாற்றை எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் துணிபு.

வாக்கெடுப்பை நான் சர்வரோக நிவாரணியாகக் காணவில்லை. 1964இல் அதே கலிபோர்னியாவில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தைச் செயலிழக்கச் செய்யும் முன்மொழிவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் வென்றது. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 1953இன் கொதிப்பில் சித்தூரில் பெட்டி வைத்திருந்தால் தெருவுக்குத் தெரு என்ன நடந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கும் தயக்கம் வருகிறது. அதோடு, யார் யாரைக் கூட்டி எண்ணுவது? மாவட்டத்தையா, வட்டத்தையா, கிராமத்தையா? கேள்வியை எழுதுபவரும் எண்ணும் வட்டத்தை வரைபவரும் பாதி முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள்.

ஆயினும் கோவாவில் தோற்றவர்களின் விருப்பம் 1,38,170 என்ற எண்ணாகவாவது பதிவாகியிருக்கிறது. என் தாத்தாவின் விருப்பத்துக்கும் பாட்டியின் விருப்பத்துக்கும் எந்த ஏட்டிலும் எண் இல்லை. நான் தேடும் ஆவணங்களில் கட்சிகளின் தீர்மானங்களும் தலைவர்களின் மனுக்களும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. அவற்றினடியில் இருக்கும் கையொப்பங்களில் பெண்களின் பெயர் அரிது.

2022இல் புதிய மாவட்டங்களுக்கான வரைவு அறிவிக்கை வந்தபோது, ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் தந்தார்கள். வரைவில் எங்கள் மாவட்டத்தின் பெயர் ஸ்ரீ பாலாஜி; இறுதி அறிவிக்கையில் அது திருப்பதி ஆயிற்று. அப்போது பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. மாவட்டம் மாறுகிறது என்று சொன்னபோது, ரேஷன் கடையும் மாறுமா என்று மட்டும் கேட்டார். மாறாது என்றேன்.