முன்பணத்தில் கட்டிய தறி

வேலையை விட்டு விலகுவதா, வேண்டாமா என்னும் கேள்வி அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு எத்துணை வேதனை தருவதாயினும், இறுதியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முடிக்கக்கூடியதாகவே இருக்கிறது. எங்கள் ஆரணியில் பட்டுத் தறியில் அமர்ந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு அப்படியன்று. இங்கே நெசவாளி விண்ணப்பம் எழுதி வேலையில் சேர்வதில்லை. முன்பணம் வாங்கிச் சேர்கிறான். ஆதலால் விலகும்போது அவன் கொடுக்க வேண்டியதும் கடிதமன்று, பணம். அந்தப் பணம் கைக்கு வரும்வரை, முதலாளி எத்தகையவராயினும் அவரே முதலாளி.

எங்கள் தொழிலை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் தறிகள் பல வீட்டிற்குள்ளேயே இருக்கின்றன. தறியின் மரம் நம்முடையது. தறிக்குழி நம் வீட்டுத் தரையில் வெட்டியது. ஆனால் பாவும், ஊடைப் பட்டும், ஜரிகையும் முதலாளி நிறுத்துக் கொடுப்பவை. வேலைப்பாட்டுக்கு வேண்டிய ஜக்கார்டுப் பெட்டியும் துளையிட்ட அட்டைகளும்கூடப் பல வீடுகளில் அவருடையவையே. சேலை முடிந்ததும் மீண்டும் நிறுக்கிறார்கள். எடை குறைந்தால் பிடித்தம். பழுது தென்பட்டால் பிடித்தம். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து நாடா வாங்கித் தரவேண்டும். அவருக்குத் தனிக் கூலி கிடையாது. நெசவாளியின் கூலிக்குள்ளேயே அது அடங்கிவிடும். அதனால்தான் அந்த இடத்தில் மனைவியோ, மகனோ, மகளோ அமர்கிறார்கள். இப்படி நெய்த சேலை வெளியூர்க் கடைகளில் காஞ்சிபுரத்தின் பெயரோடு விற்பனையாவதும் உண்டு. அது வேறு கதை.

என் கணவர் 11 ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் நெய்தார். முதல் முன்பணம் என் மாமியாரின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கியது. இரண்டாவது, ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுகித் தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்றபோது வாங்கியது. மூன்றாவது மகளின் படிப்புக்கு. மூன்று முறையும் அம்மனிதர் முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தார் என்பதை மறைக்கக் கூடாது. வங்கியில் ஜாமீன் கேட்பார்கள். உறவினரிடம் கேட்டால் சுற்றம் முழுவதும் தெரிந்துவிடும். முதலாளி ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் கொடுப்பவர். கேட்க வேண்டியவற்றையெல்லாம் அவர் பிற்பாடு கேட்டார்.

முகூர்த்தக் காலம் நெருங்கினால் பத்து நாள் வேலையை ஆறு நாளில் முடிக்கச் சொல்லுவார். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, தறிச் சத்தம் கேட்கவில்லையே என்பார். நாற்பது வயதைக் கடந்த மனிதரைப் பிற நெசவாளிகளின் முன்னிலையில் ஒருமையில் ஏசுவார். அவர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு நான் மூன்று நாள் சென்று பாத்திரம் துலக்கினேன். கூலி என்ற சொல்லே எழவில்லை. கூலியை உயர்த்தும்படி என் கணவர் ஒரு முறை பணிவாகக் கேட்டபோது, "பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேசு" என்றார். அதன்பின் எதைக் கேட்டாலும் அதுவே பதிலாயிற்று.

இவற்றையெல்லாம் நாங்கள் சகித்தோம். ஒரு வைகாசியில் எனக்குக் காய்ச்சல் கண்டு, நாடா வாங்க ஆளின்றிச் சேலை தாமதப்பட்டது. அவர் வாசலில் வந்து நின்று, அப்போது ஏழாம் வகுப்பை முடித்திருந்த என் மகளைச் சுட்டி, "பள்ளிக்கூடம் திறந்தாலும் இவளை அனுப்பாதே; தறியில் உட்கார வை. படித்து என்ன ஆகப் போகிறாள்?" என்றார். என் கணவர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவர் உண்ணவும் இல்லை.

பெரியோர்களிடம் யோசனை கேட்டோம். பொறுத்துக்கொள் என்றவர்களே அதிகம். பொறுமை உயர்ந்த குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் நம்மேல் விழும் சொல்லைத் தாங்குவது ஒன்று. நம் பிள்ளையின் படிப்பை எடுத்துக் கொடுத்து ஒருவரைச் சாந்தப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதற்கும் பொறுமை என்றே பெயரிட்டு அழைப்பதை நான் ஏற்கவில்லை. என் மாமனார் மட்டும் வேறொன்று சொன்னார்: "கோபத்தில் முடிவு செய்யாதே அம்மா, கணக்கைப் பார்த்து முடிவு செய்."

கூலி வாங்கி வரும் நாளெல்லாம் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மகளின் பழைய நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கங்களில் 11 ஆண்டுக் கணக்கும் இருந்தது. இரண்டு இரவுகள் அமர்ந்து கூட்டினேன். நாங்கள் கையில் வாங்கியதில் கழித்தது போக 61,500 ரூபாய் நின்றது. முதலாளியின் பேரேட்டிலோ 84,000. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எடைக் குறைவு, பழுது, கறை என்று கூலியில் பிடித்தது போதாமல், சில பிடித்தங்களைப் பாக்கியிலும் ஏற்றியிருந்தார்கள். பட்டு, காற்றின் ஈரத்தை ஏற்கும் பொருள். மழைக்காலத்தில் நிறுத்துக் கொடுத்ததை வெயில் நாளில் நிறுத்து வாங்கினால் எடை குறையத்தான் செய்யும். ஆக நாங்கள் வாங்கிய கடன் ஒன்று, எங்கள்மேல் ஏறிய கடன் ஒன்று. எங்களை வாய் திறவாமல் செய்தது இரண்டும் சேர்ந்த தொகை. இதைப் பிரித்துக் கண்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் தெருவில் பலர் கைக்கொள்ளும் வழி, வேறொரு முதலாளியிடம் போவது. புதியவர் பழையவரின் பாக்கியைக் கட்டி நெசவாளியை எடுத்துக்கொள்வார். ஏச்சு குறையலாம், கூலியும் சற்று உயரலாம். ஆனால் கட்டு அப்படியே கைமாறுகிறது. பாக்கியோடு சேர்த்து மனிதனையும் மாற்றிக்கொள்ளும் இவ்வழக்கத்தை என் கணவர் விரும்பவில்லை.

மகளிர் குழுக் கூட்டத்திற்கு வந்த வழக்கறிஞர் ஒருவர்தான் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். கொத்தடிமை என்றால் செங்கற் சூளையும் கல் குவாரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சுருக்கவில்லை. முன்பணம் பெற்ற காரணத்தால் ஒருவர் கூலியின்றியோ, பெயருக்கு ஒரு கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறிடத்தில் வேலை தேடும் உரிமையை இழந்தாலும், அதன் வரையறைக்குள் வரக்கூடும். அத்தகைய கடனைச் சட்டமே அழித்துவிடுகிறது; அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. மீறி வேலை வாங்குவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, பசியும் வறுமையும் ஒருவனை நெருக்குவதும் வற்புறுத்தலே என்றும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும் தீர்ப்பளித்தது. எல்லா முன்பணமும் அடிமைத்தனம் ஆகாது என்பதையும் அவ்வழக்கறிஞர் சொன்னார். போக நினைத்தால் போக முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. முடியாதவர்கள் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

நாங்கள் மனுக் கொடுக்கவில்லை. என் மாமியாருக்காக வாங்கிய பணத்தைச் சட்டத்தைக் காட்டித் தள்ளிவிட என் கணவரின் மனம் இடந்தரவில்லை. இது எங்கள் நிலைக்கு ஏற்ற முடிவு. பத்து ரூபாய்க்கும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் மனுக் கொடுப்பதே நியாயம் என்பேன். அதில் நன்றி மறத்தல் ஏதும் இல்லை. வாங்கிய 61,500ஐத் திருப்பித் தருவது, ஏற்றிய தொகையைத் தர மறுப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். மகளிர் குழுவின் வழியாக வங்கிக் கடன் கிடைத்தது. என் சங்கிலியும் போயிற்று. இரண்டும் சேர்ந்து 40,000. மீதியைத் தவணையில் தருவதென்று எழுதி எடுத்துக்கொண்டு, தறியில் இருந்த பாவை முழுவதும் நெய்து, கடைசிச் சேலையையும் ஒப்படைத்த பிறகே பேசப் போனோம். பாதிப் பாவில் எழுந்தால் பேச்சே வேறுவிதமாகத் திரும்பும் என்று மாமனார் எச்சரித்திருந்தார்.

அவர் கூச்சலிட்டார். நோட்டுப் புத்தகங்களை நான் மேசைமேல் வைத்தேன். வழக்கறிஞர் சொன்னதை என் கணவர் குரலை உயர்த்தாமல் இரண்டு வாக்கியங்களில் சொன்னார். தெருப் பெரியவர் ஒருவர் நடுவில் இருந்து, நாங்கள் சொன்ன தொகையையே தீர்மானித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். மாலைக்குள் ஆள் வந்து ஜக்கார்டுப் பெட்டியையும் அட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்றான்.

அதன்பின் ஏழு வாரம் தறி வெறுமையாய் இருந்தது. இந்த ஏழு வாரத்தை எண்ணிப் பாராமல் எவரும் எழ வேண்டாம். அரிசியைக் கடனில்தான் வாங்கினோம். என் கணவரின் தம்பி செய்யாறு சிப்காட் தொழிற்சாலைக்கு அழைத்தார். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "எனக்குக் கை இதற்குத்தான் பழகியிருக்கிறது" என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாவு கிடைத்தது. அங்கே வேலை தொடர்ச்சியாக இராது; சில வாரம் பட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். கூலி விகிதம் எல்லாருக்கும் ஒன்றே. அதில் ஒரு பங்கைச் சேமிப்பாகப் பிடித்து, அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. இரவில் தொலைபேசி அடிப்பதில்லை.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. நாடா வாங்க நான் அமர்கிறேன். பழைய முதலாளியைக் கடைத்தெருவில் காண நேர்ந்தால் என் கணவர் வணக்கம் சொல்கிறார். அவர் சில நாள் தலையசைக்கிறார், சில நாள் காணாததுபோல் போகிறார். இன்னும் நான்கு தவணை இருக்கிறது.