பேரிங் தேய்ந்த கதை



லீட்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டிக்குப் போன் போட்டால் அம்மா இப்போதெல்லாம் கட்டிலில் இருந்தபடிதான் பேசுகிறார். "மொழங்காலு தேஞ்சு போச்சு கண்ணு. படி ஏறக்கூடாதுன்னு உங்கப்பா சொல்லிப்போட்டாரு." அப்பா நாற்பது வருஷம் மோட்டார் பம்புப் பட்டறையில் இருந்தவர். பேரிங் தேய்ந்தால் ஓட்டத்தைக் குறைக்கணும், அப்புறம் மாற்றணும். அவருக்கு முழங்காலும் அதே கணக்கு. தினமும் சத்தி ரோடு வரை நடந்து போய்க் காய் வாங்கி வந்த அம்மா இன்று வாசல் தாண்டுவதில்லை.

தேய்மானம் என்ற சொல்தான் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது நீரை இழுத்துக்கொள்ளும். நடக்காவிட்டால் பட்டினி. தொடைச் சதையும் வற்றினால் பாரமெல்லாம் மூட்டின் தலையில்தான்.

இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு 2022-இல் தந்த வழிகாட்டி, மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சியை வைக்கிறது. தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடலாம், விடாமல் செய்தால் மூட்டுக்கு நல்லது என்கிறது. 'எஸ்கேப் பெயின்' என்று வாரம் இரண்டு வீதம் ஆறு வார வகுப்பு நடக்கிறது. அதற்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குச் செய்து காட்டினார்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, சத்தமில்லாமல் மெதுவாக உட்கார்ந்தார். உடம்பு கனத்தவர்கள் 1 கிலோ இளைத்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்கு 4 கிலோ சுமை குறையும் என்றும் ஆய்வு உண்டு.

ஒன்று மட்டும் கவனம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, விரல் மூட்டுகளில் வீக்கம் என்றால் அது தேய்மானமல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வாதநோய் மருத்துவரை உடனே பார்க்கணும். தள்ளிப்போட்டால் மூட்டே அரிபட்டுப்போகும்.

அப்பாவிடம் கேட்டேன்: "ஆறு மாசம் ஓடாமக் கெடந்த பம்பு என்னாகுங்கப்பா?"

"துருப்புடிச்சு எறுகிக்கும்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா மூச்சு வாங்கச் சொன்னார்: "பத்துத் தடவ எந்திரிக்கோணுமாமா கண்ணு. எண்ணறவரு எட்டுக்கப்புறம் மறுபடியும் ஏழுங்கறாரு!"