தூண்டிற்கோல் தேர்ந்த வரலாறு

சென்ற ஆண்டு எம் வகுப்பிற் பெரும்பாணாற்றுப்படை பாடமாக நடந்தது. அதன்கண் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு வாளை மீனைக் காட்டுகின்றார். பாண்மகன் ஒருவன் நெடிய மூங்கிற்கோலில் நாண் பூட்டி, முள்ளிலே இரையைப் பொதிந்து நீரில் இடுகின்றான். வாளை இரையைக் கவ்விக்கொண்டு தான் அகப்படாது தப்பிவிடுகின்றது. அதன்பின், கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசையினும் அதனைத் தூண்டிற்கோலென்று மயங்கி அம்மீன் வெருவுகின்றது. ஆசிரியர் இப்பகுதியை விளக்கியபோழ்து யாம் சற்றே நகைத்து அடுத்த அடிக்குச் சென்றோமேயன்றி வேறொன்றும் எண்ணினோமல்லோம். அவ்வாளையின் உறவினத்தை மிச்சிகன் மாநிலத்து ஏரியொன்றிற் காணப்போகின்றோம் என்பதை அன்று யார் அறிவார்?

எம் சிறிய தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரிற் பிறந்து, பள்ளி விடுமுறைதோறும் எம் பாட்டனாருடன் வள்ளத்திற் சென்று கைத்தூண்டில் இட்டவர். இங்கே பௌதிகமும் பிறகு வேறிடத்திற் பொறியியலும் கற்று, முப்பது ஆண்டுகளாக மிச்சிகனில் மோட்டார்த் தொழிலில் அமர்ந்திருப்பவர். ஏரிகள் மலிந்த நாடாதலின் தூண்டிற் பழக்கம் அவரை அங்கும் விடவில்லை. ஈராண்டுகட்கு முன்னர் அவருக்குப் பக்கவாதம் கண்டது. நடை மீண்டது, பேச்சும் மீண்டது, வலக்கை விரல்கள் மாத்திரம் மரத்தவை மரத்தபடியே நின்றுவிட்டன. சிற்றன்னையார் பகலெல்லாம் பணிக்குச் செல்பவர். ஆதலின் கோடை விடுமுறையில் அவருக்குத் துணையாக இருக்கும்படி எமக்குப் பயணச்சீட்டு வந்தது.

அவர்கள் இல்லத்து வண்டிக்கொட்டகையில் ஆறு தூண்டிற்கோல்கள் தூசு படிந்து சுவரிற் சார்ந்திருந்தன. அனைத்தும் கனத்தவை, கோலின் மேற்புறத்தே உருளை பூட்டிய வகையின. அவ்வகையில், எறியும்போழ்து சுழலும் உருளையைப் பெருவிரலால் மெல்ல அடக்க வேண்டும். அடக்கத் தவறின் நரம்பு குருவிக்கூடு போற் சிக்கிக்கொள்ளும். மரத்த விரலுக்கு அவ்வேலை ஆகுமா? சுற்றும் கைப்பிடியும் வலப்புறத்தே நிலையாக அமைந்தது. இடப்புறம் மாற்ற இயலாது. "இனி இவையெல்லாம் வேண்டா, தம்பி, பிடித்தாற் கையில் ஒன்றும் தெரிவதில்லை," என்று சிறிய தந்தையார் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அன்றிரவு சிற்றன்னையார் அடுக்களையில் எம்மை அழைத்து, "இலேசான கோல் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பாரேன், இந்த வீட்டிற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்," என்றார்கள்.

யாம் அதனைப் பெரும் பொறுப்பாக ஏற்றோம். கட்டுரைப் போட்டியிற் பெற்ற பரிசும், மாலையிற் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லிச் சேர்த்ததுமாக எம்மிடம் எழுபது டாலர் அளவுக்குப் பணம் இருந்தது. அயல்வீட்டார் ஒருவர் வண்டியில் ஏற்றிச்சென்று பெரியதொரு கடையில் விட்டார். உள்ளே நூற்றுக்கணக்கான கோல்கள் மூங்கிற்றோப்பு போல் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நுண்ணிய எழுத்தில் நீளம், வலு, வளைவு, தாங்கும் நரம்பு, எறியத்தக்க எடை என ஐந்து செய்திகள் பொறிக்கப்பட்டிருந்தன. நின்று படித்தறியும் பொறுமை எமக்கு இல்லை. இலக்கணம் பயில்வோர்க்கு விதியுண்டாக்கும் ஆசை மிகுதி. 'தளர்ந்த கைக்கு வலிய கோலே துணை' என்று யாமே ஒரு விதி செய்துகொண்டு, ஏழடி மூன்றங்குல நீளமுள்ள முறுக்கான கோல் ஒன்றை விலைக்கு வாங்கினோம்.

மறுநாள் கென்ட் ஏரிக்குச் சென்றோம். ஹூரான் ஆற்றை அணையிட்டுத் தேக்கிய நீர்நிலை அது. கரையில் மரத்தாலான துறைமேடைகள் உண்டு. இங்கே மீனைப் பற்றியும் இரையைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். பாஸ் என்பது வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டும் மிச்சிகன் ஏரிகளில் வாழ்வன. ஜார்ஜியா மாநிலத்தில் 1932-ஆம் ஆண்டு பிடிபட்ட பெருவாய்ப் பாஸ் ஒன்று 22 பவுண்டு 4 அவுன்ஸ் நிறை இருந்தது. 2009-இல் ஜப்பான் நாட்டுப் பீவா ஏரியில் பிடிபட்ட ஒன்றுதான் அதற்கு இணையாகப் பதிவாயிற்று. ஆனால் நாடோறும் பலர் தூண்டிலிடும் ஏரியில் மீன்கள் அனைத்தும் உருத்திரங்கண்ணனாரின் வாளைகளே. பேரிரை விழுந்தால் விலகிப்போகும். அதனால் மிகச் சிறிய பொய்யிரையை மெல்லிய நரம்பிற் கட்டி, ஓசையின்றி அடித்தரையிற் படிய வைத்து, ஊர்ந்து செல்லும்படி இழுக்கும் நுண்முறை ஒன்று பெருகி வந்துள்ளது. அதற்குரியது சிறு ஜிக். ஈயக்குண்டுத் தலை, மெல்லிய கம்பி முள், கத்தரித்த இரப்பர் இழைகள், பின்னே சிறியதொரு வால்: இவ்வளவே. நீரடியில் நகர்கையில் அது சிங்கியிறாலை ஒத்த நன்னீர் இறால் போலத் தோன்றும். கான்சாஸ் மாநிலத்து நெட் கெடி என்பாரின் பெயரால் வழங்கும் 'நெட் ரிக்' இவ்வினத்ததே. இவற்றின் எடை ஓர் அவுன்சிற் பதினாறில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. அதாவது, ஏறத்தாழ 2 கிராம் முதல் 7 கிராம் வரை.

அத்தகைய மூன்றரைக் கிராம் ஜிக்கை எம் வலிய கோலிற் கட்டி எறிந்தோம். பத்தடி தூரத்தில் விழுந்தது. மீண்டும் எறிந்தோம், எம் காலடியிலேயே விழுந்தது. சிறிய தந்தையார் தாமும் வாங்கி ஒருமுறை வீசினார். கோலின் நுனிப்பாரம் அவர் கையைக் கீழே இழுத்தது, கை நடுங்கிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் கோலை மேடையின்மேல் வைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். யாம் அன்று பட்ட நாணத்தைப் போல் எந்தத் தேர்வு மண்டபத்திலும் பட்டதில்லை. கடையினரோ, நீரிற்பட்ட பொருளைத் திரும்பப் பெறுதல் வழக்கமில்லை என்றனர். தூண்டிலிட்ட பேதுருவுக்கு முதல் மீனின் வாயிலேயே வெள்ளிப்பணம் கிடைத்தது. எமக்கோ மீனும் இல்லை, இருந்த பணமும் போயிற்று.

மூன்று நாள் சென்றபின் சிறிய தந்தையாரே அப்பேச்சை எடுத்தார். பொறியியலர் அல்லரா? "கோல் கெட்டதன்று, தம்பி, நீ கேட்ட கேள்விதான் கெட்டது," என்று கூறி, கரண்டிக்காம்பு ஒன்றையும் தென்னந்துடைப்பத்து ஈர்க்கு ஒன்றையும் மேசைமேல் வைத்து விளக்கினார். இரையைத் தொலைவுக்கு அனுப்புவது தோள்வலி அன்று. பின்னே வீசும்போழ்து இரையின் எடை கோலை வளைக்கின்றது. வளைந்த கோல் நிமிரும் விசையே இரையை எறிகின்றது. மூன்றரைக் கிராம் எடை வலிய கோலை வளைக்குமா? வளையாத கோல் எறியாது. வலு என்பது எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது. வளைவு என்பது எவ்விடத்திலிருந்து வளையும் என்பது. இவ்விரண்டையும் யாம் ஒன்றென மயங்கியிருந்தோம். சிறு ஜிக்குக்கு வலுக் குறைந்த கோல் வேண்டும்; ஆயினும் அடிமுதல் நுனிவரை தொய்வதும் ஆகாது. நுனிப்பகுதி மாத்திரம் விரைந்து வளைந்து, நடுவும் அடியும் நிமிர்ந்து நிற்க வேண்டும். மென்மையான நுனி மெல்லிய நரம்பை அறாமற் காக்கும். நிமிர்ந்த உடல் மீனின் செய்தியைக் கைக்குக் கொண்டுவரும்.

அச்செய்தி மிகவும் நுண்ணியது. பாஸ் இரையைக் கடித்து இழுப்பதன்று. வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகின்றது. பொய்யென்று கண்டால் நொடியில் உமிழ்ந்துவிடுகின்றது. பெரும்பாலும் 'டிக்' என்று ஒரு சிறு தட்டு. சிலபொழுது அதுவும் இல்லை, இருந்த பாரம் இல்லாமற் போவதே அடையாளம். எம் பாட்டனார் தங்கூசி நரம்பைச் சுட்டுவிரல்மேற் போட்டுக்கொண்டு ஆழ்கடலின் அடியில் நடப்பதை அறிந்தவர் என்பர். அவருக்குக் கோல் வேண்டியதில்லை; விரலே கோல். பிழைப்புக்கான கோலுக்கு வலிமை வேண்டும் என்றே எண்ணிவந்த எமக்கு, இக்கோல் கையின் நீட்சியன்று, செவியின் நீட்சி என்பது அப்போழ்தே விளங்கிற்று. நரம்பும் அதற்கேற்றதே. நைலான் நீளும், நீள்வது செய்தியை விழுங்கிவிடும். ஆகையாற் பத்துப் பவுண்டு தாங்கும் பின்னல் நூலைச் சுற்றி, அதன் முனையில் ஆறு பவுண்டுக் கண்ணாடி நரம்பைச் சிலமுழம் முடிவது வழக்கம்.

இம்முறை கடைக்கு இருவரும் சென்றோம். சிறிய தந்தையார் விலைச்சீட்டையே பார்த்தாரல்லர். எடை குறித்த எழுத்தையே படித்தார். ஒரு கம்பெனியின் 'மீடியம் லைட்' மற்றொன்றின் 'மீடியம்' ஆகலாம். அச்சொற்களுக்குப் பொது அளவு இல்லை. எண்களைப் பார், பிறகு கையாற் பார் என்றார். ஆறடி ஒன்பதங்குலம் முதல் ஏழடி வரை, பதினாறில் ஒன்று முதல் பதினாறில் ஐந்து அவுன்ஸ் வரை எறியத்தக்கவை எனக் குறித்த கோல்களில் நான்கினை எடுத்துவைத்தார். ரீல் கீழே தொங்கும் வகையையே கேட்டார். அதன் கைப்பிடியைக் கழற்றி எப்புறமும் பூட்டலாம். அதனால் இடக்கை கோலைப் பிடிக்கும். மரத்த வலக்கை வெறுமனே சுற்றும். அறுபது வயதில் இடக்கையால் எறியக் கற்பது எளிதோ என்று யாம் ஐயுற்றோம். "மருத்துவச்சி பந்தைப் பிசை என்கிறாள், அதைவிட இது தேவலை," என்றார்.

ரீலைப் பூட்டி, கைப்பிடிக்கு முன்னே ஒரு விரலிற் கோலைத் தாங்கிப் பார்த்தோம். நுனி சாயும் கோல் நாளெல்லாம் மணிக்கட்டை நோகச் செய்யும். இரண்டு அதனாலேயே நீங்கின. எஞ்சிய இரண்டையும் தேர, அவர் செய்வித்த சோதனை கடைக்காரர்கள் பலரும் அறிந்ததாம். கோலின் நுனியை எம் தொண்டையில் மெல்லத் தொடும்படி வைத்து, தாம் அடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "பேசு," என்றார். அந்நியர் நடுவில் என்ன பேசுவது? எமக்கு வாயில் வந்தது எம் ஊர்ப்பெயரே. முதற்கோலை இடக்கையாற் பிடித்தபோது தலையசைத்தார். வலக்கையிற் பிடித்தபோது, "ஒன்றுமில்லை," என்றார். இரண்டாங்கோல் கரிநார் மிகுந்தது, முன்னதைவிட மெல்லியது. இடக்கையிற் பிடித்தார், முகம் மலர்ந்தது. வலக்கைக்கு மாற்றினார். யாம் ஊர்ப்பெயரையும், மாதாகோயில் தெருவையும், பாட்டனார் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனோம். நெடுநேரம் கழித்து, "எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருக்கிறது, தம்பி, நிறுத்தாதே," என்றார்.

அதனையே வாங்கினோம். விலை எம் முதற்கோலினும் இரு மடங்கு, அவர்தாம் கொடுத்தார். கரிநார்க் கோல்களை 1973-ஆம் ஆண்டில் பென்விக் என்னும் அமெரிக்கக் கம்பெனி விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்குமுன் கண்ணாடிநாரும், அதற்கும் முன் சீனத்து டோங்கின் மூங்கிலைக் கீறி ஒட்டிய கோல்களும் இருந்தன. விலையுயர்ந்த கரிநார் எல்லார்க்கும் வேண்டுவதன்று என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அது கனங்குறைந்து நன்றாக உணர்த்தும். ஆயினும் வண்டிக்கதவில் இடித்தால் முறிந்துபோகும். நல்ல விரல்கள் உள்ளவர்க்கு இடைத்தரமே போதும்.

கென்ட் ஏரியில் முதல் நான்கு நாளும் இடக்கை எறிந்தவை நாணலிற் சிக்கின. ஐந்தாம் நாள் காலை, மழை தூறி ஓய்ந்த வேளையில், ஜிக் மேடைக்கு அப்பால் இருபது கசத்தில் வட்டமிட்டு வீழ்ந்தது. அவர் இழுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார். யாம் நரம்பையே உற்று நோக்கியிருந்தோம். அது சிறிதும் அசைந்ததில்லை. திடுமென அவர் கோலை உயர்த்தினார், நுனி வளைந்தது. எமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டது. வலக்கை சுற்றத் தடுமாறிற்று. யாம் உதவ நீட்டிய கையை முழங்கையால் விலக்கினார். வந்தது பன்னிரண்டங்குலச் சிறுவாய்ப் பாஸ். பதினான்கு அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள அம்மாநிலச் சட்டம் இடந்தராது. நீரில் நனைத்த கையாற் பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டுவிட்டோம். இனி அதுவும் பிரம்பின் நிழலுக்கு அஞ்சக்கூடும்.

அன்று மாலை எம் தந்தையாருடன் தொலைபேசியிற் பேசினோம். "எத்தனை கிலோ?" என்றார் எம் தந்தையார். விட்டுவிட்டோம் என்றதும் சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. "பிடித்த மீனை விடுவதற்கா அமெரிக்கா போனீர்கள்?" என்று நகைத்தார். பிறகு தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். யாம் அருகிருந்தமையால் அவர் கேட்டதும் எம் செவியில் விழுந்தது.

"கையிலே தெரிந்ததா?"

"தெரிந்தது, அண்ணே. இடக்கையில் நன்றாகத் தெரிந்தது. வலக்கையிலும் கொஞ்சம்."