ஐம்பது வெள்ளி நோட்டு

மலேசியாவின் கூலாயில் பேருந்து ஏறியதும் ஓட்டுநர் தன் பக்கத்திலிருந்த பெட்டியைக் காட்டினார். நடத்துநர் கிடையாது, பெட்டிதான் நடத்துநர். அதன் வாயில் போட்ட காசு திரும்பி வராது. என்னிடம் இருந்ததோ ஏ.டி.எம். கொடுத்த ஐம்பது வெள்ளி நோட்டு. அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்பார்கள், சென் என்ற சில்லறையைக் காசு என்பார்கள். "டுயிட் கெச்சில்?" என்றார் ஓட்டுநர். சில்லறை கேட்கிறார் என்பது மலாய் தெரியாமலே புரிந்தது. எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"எங்க போறீங்க தம்பி?" முதல் இருக்கையிலிருந்து ஓர் அம்மாள்.

"பண்டார் தெங்காரா போகணும்மா."

பையைத் திறந்து, பின்பக்கம் வாவ் பட்டம் அச்சடித்த நீல நிற ஒரு வெள்ளி நோட்டுகளை எண்ணிப் பெட்டியில் போட்டார். "இறங்கி மாத்திக் குடுங்க. நானும் அங்கதான்."

வழியெல்லாம் செம்பனை. தெங்காரா என்றால் மலாயில் தென்கிழக்கு. 1972-இல் தொடங்கிய கெஜோரா என்ற வளர்ச்சி வாரியம் காட்டைத் திருத்தி உருவாக்கிய ஊர்களில் பண்டார் தெங்காராவும் ஒன்று. அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நம் ஊர் நடத்துநரை நினைத்தேன். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் முதுகில் பாக்கியை எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறந்து, வீட்டுக்கு வந்து எத்தனை முறை அவரைத் திட்டியிருக்கிறேன்! ஆனால் அந்தக் கிறுக்கல் ஒரு கடன் பத்திரம். பெட்டிக்குக் கடன் கொடுக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது.

உள்ளூர்க்காரர்களிடம் கார்டு இருக்கிறது. சுங்கச் சாவடிகளுக்காக 1997-இல் வந்த டச் அண்ட் கோ இன்று பல பேருந்துகளிலும் செல்லும். நாலு நாள் தங்க வந்தவன் அதைத் தேடி வாங்குவதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கும் பேருந்துகளில் இன்னொரு வேடிக்கை. பலவற்றில் இரு கரையிலும் கட்டணத்தின் எண் ஒன்றே. அந்தக் கரையில் அது டாலர், இந்தக் கரையில் வெள்ளி. ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் என்பதால், போகும்போது கொடுப்பதும் வரும்போது கொடுப்பதும் ஒன்றல்ல.

தூரப் பயணத்தில் இந்தத் தவிப்பில்லை. கோலாலம்பூருக்கு லார்கின் என்ற பேருந்து முனையத்திலேயே முன்கூட்டிச் சீட்டு வாங்கலாம். எவ்வளவு பெரிய நோட்டுக்கும் முகப்பில் மீதி உண்டு. அங்கே கேட்பது கடப்பிதழ். உள்ளூர்ப் பேருந்துக்கு நான் யார் என்பது வேண்டாம், சரியான காசு போதும். வெளியூர்ப் பேருந்துக்குக் காசு எப்படியிருந்தாலும் சரி, நான் யார் என்று தெரிய வேண்டும்.

அந்த அம்மாளுக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. பண்டார் தெங்காராவில் இறங்கி, ஒரு கடையில் தே தாரிக் குடித்து நோட்டை மாற்றி, அவர் பணத்தைக் கொடுத்தேன். எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டார். தேநீருக்கு அழைத்தேன், நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

மலேசியா போகிறவர்கள் பேருந்து ஏறுமுன் ஒரு கடையில் தண்ணீராவது வாங்கி நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள். நம் டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு ஓர் அயலூர்க்காரர் விழித்துக்கொண்டு நின்றால், உங்கள் பையிலிருந்து அவருக்கு டிக்கெட் எடுங்கள். இறங்கியதும் மாற்றிக் கொடுத்துவிடுவார்.