வேலிக்கும் காது உண்டு

திண்டுக்கல்லில் இருந்து குமுளி வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை எண் 183. மலையேறி இறங்கிக் கொல்லம் வரை போகிற சாலையில் நம் பக்கத்துத் துண்டு இது. பஸ்ஸில் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், வயலைப் பார்ப்பார்கள். கொஞ்சம் வேலிகளையும் பாருங்கள். செம்பட்டிப் பக்கம் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை. வத்தலக்குண்டில் தென்னந்தோப்புக்குக் கல்தூணும் முள்கம்பியும். மலை நெருங்க நெருங்கக் கம்பி மெலிகிறது, ‘மின்வேலி, தொடாதே’ என்று பலகை தொங்குகிறது. காட்டோரம் வந்தால் அகழி. கடைசியில் குமுளியில் இரும்புத் தடுப்புப் போட்ட சோதனைச் சாவடி.

வேலி என்று கண்ணில் படாத ஒன்றும் கூடவே வருகிறது. சாலையோரப் புல்லில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அதில் தொலைபேசி நிறுவனத்தின் பெயரெழுத்து, கீழே கேபிள் இருக்கிறது, தோண்டாதீர் என்ற எச்சரிக்கை. பாதி எழுத்தை மழை தின்றிருக்கும். அதற்கடியில் பிளாஸ்டிக் குழாய்க்குள் கண்ணாடி இழை ஓடுகிறது. பி.எஸ்.என்.எல். கணக்கில் அதற்கு ஆழம் 165 சென்டிமீட்டர். ஜேசிபி அதை அறுக்கிற அன்றைக்குத்தான் நமக்கு அதன் நினைவே வரும்: வங்கியில் சர்வர் டவுன், ஏடிஎம் வேலை செய்யவில்லை, ரேஷன் கடையில் கைரேகை ஏறவில்லை. பேச்சைச் சுமக்கிற இந்த இழையையே காவலுக்கும் வைக்கலாம். விமான நிலையம், துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, பாலைவனத்தில் புதைத்த குழாய் என்று உலகத்தில் பல இடங்களில் வைத்தும் விட்டார்கள்.

வேலை செய்கிற விதம் இதுதான். இழையின் ஒரு முனையில் லேசர் துடிப்பை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கம் இருக்கும்; ஒளி அதில் பட்டுத் துளித் துளியாகப் பின்னால் சிதறும். வானத்தை நீலமாகக் காட்டுகிற அதே ராலே சிதறல். கிணற்றுக்குள் குரல் கொடுத்துவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பது மாதிரி, முனையில் இருக்கும் கருவி அந்தத் துளிகளுக்காகக் காத்திருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு ஆகும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்தாலே எங்கிருந்து திரும்பியது என்பது தெரிந்துவிடும். மேலே ஒருவன் நடந்தாலோ மண்வெட்டி விழுந்தாலோ அந்த இடத்து இழை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்கும், திரும்பி வரும் ஒளி மாறும். இப்படி ஒரே கருவி நாற்பது கிலோமீட்டர் நீளத்தைக் கவனித்து, சில மீட்டர் துல்லியத்தில் ‘இங்கே’ என்று சொல்லும். மனித நடைக்கு ஒரு தாளம், மாட்டு நடைக்கு ஒரு தாளம், டிராக்டருக்கு ஒரு தாளம். பிரித்துச் சொல்வது மென்பொருளின் வேலை.

வழி நெடுக மின்சாரம் கிடையாது. அதனால் தீப்பொறி கிடையாது, பெட்ரோல் கிடங்குக்கு ஏற்றது. உணர்கிற பொருள் கண்ணாடி என்பதால் உப்புக் காற்றில் துருப்பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, துறைமுகத்துக்கும் ஏற்றது. பாலைவனத்தில்தான் வேறு விதமான தொல்லை. மணல்மேடு நகரும். ஒரு முழ ஆழத்தில் புதைத்த இழை சில மாதத்தில் இரண்டாள் ஆழத்தில் கிடக்கும், காலடி அதற்குக் கேட்காது. இன்னோர் இடத்தில் மணல் விலகி வெளியே கிடக்கும், அடிக்கிற காற்றெல்லாம் காலடியாகக் கேட்கும். எண்ணெய், எரிவாயுக் குழாயில் கசிவைக் கண்டுபிடிக்க இழை வழியே வெப்பநிலையையும் அளக்கிறார்கள். அதற்கு உதவுவது திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல். 

நம் நாட்டில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் 2016 ஜனவரியில் தாக்குதல் நடந்த பிறகு சுற்றுவேலி பற்றிய பேச்சு சூடு பிடித்தது. 2018 செப்டம்பரில் எல்லைப் பாதுகாப்புப் படை ஜம்மு எல்லையில் தலா ஐந்தரை கிலோமீட்டருக்கு இரண்டு இடங்களில் நவீன வேலியைத் தொடங்கியது. அடுத்த மார்ச்சில் அஸ்ஸாமின் துப்ரி. பிரம்மபுத்திரா கிளை கிளையாகப் பிரிந்து தூண் நட முடியாத 61 கிலோமீட்டர் அது.

சரி, ரோட்டுக்கு வருவோம். வத்தலக்குண்டு தாண்டினால் காட்ரோடு. கொடைக்கானல் வண்டிகள் இங்கே வலப்பக்கம் திரும்பும், நாம் நேரே. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுக்கிற தலையாறு அருவியின் தண்ணீர்தான் அடிவாரத்தில் மஞ்சளாறாகி, 57 அடி அணையில் தேங்கி, தேவதானப்பட்டிக்கு வருகிறது. ஆற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில். இங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்கே மாலை, கதவுக்கே தீபாராதனை. அந்த வாசலுக்கு அப்பால் போகக்கூடாது என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கிறது. காட்டுப்பன்றியிடம் அப்படி ஓர் ஒப்பந்தம் போட முடியாது.

மாவும் தென்னையும் மலையை முட்டிக்கொண்டு நிற்கிற ஊர் இது. இரவில் பன்றி இறங்கும், காட்டுமாடு இறங்கும். முன்பெல்லாம் பரண், தகர டப்பா, வேட்டு. இப்போது சோலார் வேலி. தோப்பு மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் 12 வோல்ட் பேட்டரி, மேலே சாய்த்து வைத்த சூரியத் தகடு. பக்கத்தில் நின்று கேட்டால் டக்... டக்... என்று வினாடிக்கொரு தரம் துடிப்பது கேட்கும். ஒவ்வொரு துடிப்பும் ஆயிரக்கணக்கான வோல்ட். ஆனால் இமைக்கிற நேரம்கூட நீடிக்காது. தொட்ட விலங்கு துள்ளி விலகும், சாகாது. முறையாகப் போட்டால் அப்படி.

முறை தவறிப் போடுகிறவர்களும் உண்டு. அதே கம்பியில் வீட்டு லைனிலிருந்து நேரே 230 வோல்ட்டைக் கொக்கி போட்டு விடுவார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் விழுந்தன. நம் ரோட்டுப் பக்கமே, 2022 செப்டம்பரில், பெரியகுளம் மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் சோலார் வேலியில் சிக்கிய சிறுத்தை செத்துக் கிடந்தது. திருட்டுக் கொக்கி போட்ட வேலி, போட்டவனையே பலி வாங்கிய கதைகளும் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்து, பதிவு செய்ய வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும் என்றது.

விமான நிலையத்துக்கென்று வாங்குகிற அந்தக் காதுள்ள வேலி, விமான நிலையத்தைவிட இந்த அடிவாரத்துக்குத்தான் பொருத்தம் என்பது என் கட்சி. தொட்டதை அது சுடாது. பன்றி என்றால் பன்றி, ஆள் என்றால் ஆள், இன்ன இடத்தில் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் சொன்னதும் எழுந்து போக ஆள் வேண்டுமே! பெரிய துறைமுகத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஷிஃப்ட் போட்டு நிற்கிறது; மணி அடித்தால் ஜீப் கிளம்பும். இங்கே மணி யாருக்கு அடிக்கும்? ஒரு டார்ச்சும் ஒரு பைக்கும் வைத்துக்கொண்டு மலையடிவாரம் முழுக்கச் சுற்றுகிற வனக்காவலருக்கா? தோப்புக்காரரின் போனுக்கா? காசு விஷயமும் இருக்கிறது. இழை மலிவு. முனையில் உட்கார்ந்திருக்கிற கருவிதான் விலை. நாலு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவர் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அடிவாரம் முழுவதற்கும் ஒன்றாக, அரசு போட்டால்தான் உண்டு.

பெரியகுளத்தில் இறங்க வேண்டாம், தேனிக்குப் போய்விடலாம். மதுரையிலிருந்து வருகிற அகல ரயில் பாதை 2022 மே மாதம் தேனியைத் தொட்டது, 2023 ஜூனில் போடியை எட்டியது. ரயில்வேக்கு இந்த இழைக் காவல் ஏற்கெனவே கைவந்த விஷயம். தண்டவாளத்தை ஒட்டித் தகவல் தொடர்புக்கு எப்படியும் இழை போட்டிருக்கிறார்கள். அதில் யானையின் நடையைக் கேட்டு ஓட்டுநருக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்கிற ‘கஜராஜ்’ என்ற ஏற்பாட்டை வடகிழக்கு எல்லை ரயில்வேயில் சோதித்துப் பார்த்தார்கள். 700 கிலோமீட்டருக்கு 181 கோடி ரூபாயில் அதை விரிவாக்கப்போவதாக 2023 நவம்பரில் ரயில்வே அமைச்சர் அறிவித்தார். கோவை மதுக்கரையில் நம் வனத்துறை வேறு வழியில் போனது: 12 கோபுரங்கள், வெப்பக் கேமராக்கள், செலவு 7.24 கோடி, 2024 பிப்ரவரியில் தொடக்கம். இரண்டுக்கும் ஒரு வசதி பொது. யானை வருகிறது என்று தெரிந்ததும் ரயிலை மெதுவாக்கினால் போதும், யானையைத் துரத்த வேண்டியதில்லை. தோட்டத்துக்கு அந்த வசதி கிடையாது.

வீரபாண்டி தாண்டிச் சின்னமனூர், உத்தமபாளையம். இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சென்னையில் உட்கார்ந்து டெண்டர் எழுதுகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். காற்று. தமிழ்நாட்டில் மேற்கு மலையைப் பிளந்துகொண்டு தென்மேற்குப் பருவக்காற்று புகும் நாலு வாசலில் கம்பம் கணவாயும் ஒன்று. ஓடைப்பட்டி, காமாட்சிபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது வேடிக்கைக்கா? ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்கிற ஊரில், கம்பி வேலியில் கட்டிய இழை என்ன பாடுபடும்? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சைக் கொடி படர்ந்திருக்கும் கல்தூண் பந்தலின் கீழ் ஆனி மாதத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் ஒரு சுதியில் ரீங்கரிக்கும். வேலியில் கட்டிய இழைக்கு அத்தனையும் திருடன்தான். நாளைக்கு நாற்பது தடவை பொய்யாக மணி அடித்தால் ஒரே வாரத்தில் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள். இழையை மண்ணில் புதைத்தால் காற்றின் தொல்லை குறையும். ஆனாலும் வேரோடு ஆடுகிற தென்னை மண்ணையும் ஆட்டும்.

கம்பத்தில் அரிக்கொம்பன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை சின்னக்கானலில் அந்த யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டது. அது எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் வழியே செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. மே 27 அன்று யானை கம்பம் தெருவில் நின்றது. ஆட்டோ நொறுங்கியது, 144 தடை உத்தரவு வந்தது, அடிபட்ட ஒருவர் பிறகு உயிரிழந்தார். ஜூன் 5 அன்று திரும்ப மயக்க ஊசி, லாரிப் பயணம், களக்காடு முண்டந்துறைக் காடு. இவ்வளவு நெருக்கமாகக் கண்காணித்த யானை வேறு இருக்குமா தெரியாது. செய்தியும் வந்தது, யானையும் வந்தது. இடையில் இருந்த நேரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு முன்கூட்டிய ஏற்பாடு இல்லாவிட்டால் கருவி எதுவானாலும் கதி இதுதான்.

கூடலூர், பிறகு லோயர் கேம்ப். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரமாகிற இடம். பென்னிகுக் மணிமண்டபம் பக்கத்தில்தான். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குமுளி. இங்கே காட்டுக்கு நடுவிலேயே ரோடு போகிறது. ‘ரோட்டோரம் ஏற்கெனவே புதைத்த கேபிளையே காவலுக்கு வைத்துவிடலாமே, செலவு மிச்சம்’ என்று யாருக்கும் தோன்றும். கார்த்திகை, மார்கழியில் வந்து பார்த்தால் அந்த யோசனை போய்விடும். ஐயப்ப பக்தர்களின் வேன் இரவு பகலாக வரிசை கட்டி, ஒருவழிப் பாதையாக்கிக் கம்பம்மெட்டு வழியே திருப்பிவிடுகிற அளவுக்கு நெரிசல். அந்த அதிர்வில் யானையின் நடை காதில் விழாது. ரோட்டுக் கேபிள் ரோட்டைத்தான் கேட்கும். அடிவாரத்துக்குத் தனி இழை வேண்டும், காடும் தோப்பும் சேருகிற கோட்டில், மண்ணுக்குள்.

அரசு இதைச் செய்து பார்ப்பதானால் முழுப் பள்ளத்தாக்கிலும் ஒரே மூச்சில் இறங்க வேண்டாம். காட்ரோட்டுக்கும் தேவதானப்பட்டிக்கும் இடையே அடிவாரத்தில் ஐந்து கிலோமீட்டர் போடட்டும். மணி அடித்தால் யார் போவது, எத்தனை நிமிஷத்தில் போவது என்பதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கருவி வாங்கட்டும். சோதனையை ஆடியில் வைத்துக்கொள்ளட்டும். காற்றே இல்லாத ஒரு மாதத்தில் சோதித்துவிட்டு ‘வெற்றி’ என்று அறிக்கை எழுதாமல் இருந்தால் சரி.