தூரத்துப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா, கூடாதா? தாராபுரம் பக்கம் பல வீடுகளில் நடக்கும் வாதம் இது. பனியன் கம்பெனி வேலையாக மகன் பங்களாதேஷில் இருப்பான். இங்கே பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். "பாவம், தனியாக் கெடந்து தவிப்பான், வந்த பொறவு சொல்லிக்கலாம்" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம், என் அம்மா.

1987 ஜூலை 29-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது; ராணுவத்திலிருந்த என் தம்பியும் போனான். யாழ்ப்பாணம் எங்களுக்கு டெல்லியைவிடக் கிட்டம். ஆனால் கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுத முடியாது. பெயர், நம்பர், யூனிட், கீழே '56 ஏ.பி.ஓ.', அவ்வளவுதான் முகவரி. தானிருக்கும் இடத்தை அவனும் எழுதக் கூடாது. செம்மண், புகையிலைத் தோட்டம், துலாக் கிணறு என்று மட்டும் எழுதியிருந்தான். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்ல வெள்ளாமைக்காரங்க ஊராட்ட இருக்குது" என்றார். அக்டோபரில் சண்டை மூண்ட பிறகு வந்த கடிதத்தில் தோட்டம் இல்லை. "எங்க செட்டுல, இங்கத்த சனங்க பேசறது எனக்கு மட்டுந்தான் புரியுது. அதுதான் பெரிய கஷ்டமா இருக்குது" என்று இருந்தது.

ராத்திரி பிபிசி தமிழோசை முடியாமல் வீட்டில் யாரும் படுக்க மாட்டோம். அத்தனை பயத்திலும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால், "அது கெடக்கட்டும், சேதிய எழுது" என்பார். அமராவதி வாய்க்காலில் தண்ணி விட்டாச்சு. மூலனூர் அத்தை வந்து போனாள். மயிலைக் கன்றைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டலாமா, நீ என்ன சொல்றே? பதில் வருவதற்குள் சந்தையே கலைந்துவிடும். தெரிந்துதான் கேட்பார். ஊரில் இருந்தால் அவனிடம் கேட்டிருப்போம் இல்லையா, அதனால் இப்போதும் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து கோயமுத்தூர் கொண்டுபோனோம். "தம்பிக்கு எழுதாதீங்க, துப்பாக்கி தூக்கி நிக்கறவனுக்குக் கவனம் செதறிரும்" என்றார் மாமா. லேசாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சில்லை அது. அம்மா ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். காலையில் எழுதச் சொன்னார். டாக்டர் என்ன சொன்னார், துணைக்கு யார் இருக்கிறார்கள், பணம் எப்படிப் புரட்டினோம், தண்ணி முறையை யார் பார்க்கிறார்கள் என்று எல்லாம் வரிசையாக வந்தது. மாமாவிடம், "இதை மறைச்சா, நாளைக்கு எல்லாரும் சௌக்கியம்னு எழுதறதையும் அவன் நம்ப மாட்டானுங்ணா" என்றார்.

இன்றைக்குத் தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டே மறைக்கிறார்களே, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்து, அப்பாவின் மருந்துச் செலவுக்குக் கன்றை விற்கச் சொல்லித் தம்பி பதில் எழுதினான். அதற்குள் விற்றாகிவிட்டது. "நீ சொல்றதுக்கு முந்தியே வித்துட்டோம் சாமி, நீயும் அதையே எழுதினதுல எங்களுக்கு மனசு நெறஞ்சுது" என்று எழுதச் சொன்னார் அம்மா.

கடைசிப் படை 1990 மார்ச் 24-இல் இலங்கையை விட்டுக் கிளம்பியது. 1,100-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. என் தம்பி திரும்பினான். வந்தவனை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டிய சேதி எதுவும் எங்களிடம் பாக்கி இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு, தண்ணி முறை என்றைக்கு என்று அப்பாவிடம் கேட்டான்.