கூரையில்லாப் பள்ளி

கல்வி என்னும் சொல் 'கல்லுதல்', அதாவது தோண்டுதல் என்னும் பொருளிலிருந்து பிறந்தது என்பர் தமிழறிஞர். தோண்டுவதற்கு மண் வேண்டும். ஆனால், இன்றைய நகரத்துக் குழந்தையின் கல்வியோ மண்ணைத் தொடாமலேயே நடந்தேறிவிடுகிறது. அடுக்குமாடி வீட்டிலிருந்து மின்தூக்கி, மின்தூக்கியிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து வகுப்பறை, வகுப்பறையிலிருந்து துணைப்பாட நிலையம் என்று அதன் நாள் முழுவதும் சிமெண்டுத் தரையின்மீதே கழிகின்றது. மரத்தைப் படத்தில் கண்டு, மழையைச் சன்னலில் கண்டு, பறவையைத் தேர்வுத்தாளில் கண்டு வளரும் பிள்ளைக்கு இயற்கை ஒரு பாடமாக மட்டுமே எஞ்சுகிறது.

இக்குறையை உணர்ந்த பெற்றோருள் ஒரு சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கத் துணிகின்றனர். சிங்கப்பூரில் இது எளிதில் கிட்டும் உரிமையன்று. கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. அதன்படி, இல்லக் கல்வியை நாடும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் பாடத்திட்டத்தைக் காட்டி விலக்குப் பெறவேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியே தீரவேண்டும். அவ்வாண்டு தேசியப் பள்ளிகளில் அத்தேர்வை எழுதும் மாணவர் நூற்றுவரை வரிசையில் நிறுத்தினால், அடியிலிருந்து 33ஆம் இடத்துக்குக் குறையாத நிலையை அப்பிள்ளை எட்டவேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியலோடு தாய்மொழியும் அத்தேர்வில் அடங்கும். மலேசியாவிலும் 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாகிவிட்டதால் அங்கும் விலக்குப் பெற்றே வீட்டில் கற்பிக்க இயலும். ஆகவே, இல்லக் கல்வி என்பது தேர்விலிருந்து தப்பியோடும் வழியன்று. தேர்வின் சுமையைத் தாயும் தந்தையும் தம் தோளிலேயே ஏற்றுக்கொள்ளும் வழியாகும்.

வீட்டில் கற்கும் குழந்தையை வெளியில் அழைத்துச் செல்லவேண்டும் என்னும் கருத்து புதியதன்று. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) என்னும் கல்வியாளர், 1886ஆம் ஆண்டில் இல்லக் கல்வியைப் பற்றி நூல் எழுதியபோதே, இளங்குழந்தைகள் நாள்தோறும் பல மணி நேரம் வெட்டவெளியில் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். கண்ட செடியையும் பூச்சியையும் பிள்ளை தானே வரைந்து, தானே எழுதிவைக்கும் 'இயற்கைக் குறிப்பேடு' அவர் முறையின் உயிர்நாடியாக விளங்கிற்று. பிற்காலத்தில் டென்மார்க் நாட்டின் பாலர் பள்ளிகள் குழந்தைகளைக் காட்டிலேயே பயிற்றுவிக்கும் வழக்கத்தை வளர்த்தன. 1993ஆம் ஆண்டில் அங்குச் சென்று கண்டு திரும்பிய ஆங்கிலேய ஆசிரியர்கள் 'வனப்பள்ளி' என்னும் முறையைத் தம் நாட்டில் தொடங்கினர். இவ்விரு நீரோட்டங்களும் கலந்தவையே, இன்று இல்லக் கல்விக் குழந்தைகளுக்கென நடைபெறும் இயற்கை வகுப்புகள்.

அவ்வகுப்புகளுக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று சிங்கப்பூரின் வடமேற்கே, ஜொகூர் நீரிணையின் ஓரத்தில் அமைந்துள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். ஒருகாலத்தில் அங்கு இறால் குளங்கள் இருந்தன. 1986இல் பறவை ஆர்வலர்கள் அதன் அருமையைக் கண்டு காக்கவேண்டினர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படியான காப்பகமாயிற்று. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியாவின் குளிருக்கு அஞ்சிப் புறப்பட்ட கரைப்பறவைகள் அங்கு இறங்கி இரைதேடுகின்றன. அவற்றுள் சில ஆஸ்திரேலியா வரையிலும் செல்லும்.

வார நாளின் காலைப்பொழுதில், மற்றப் பிள்ளைகள் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நேரத்தில், ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அங்கே மரப்பாலத்தில் நிற்கின்றனர். நீர் வற்றும் நேரத்தைப் பார்த்தே வகுப்பு அமைகிறது. மணி அடித்தால் கடல் வற்றாது என்பதே முதற்பாடம். மலாயில் 'பெலாச்சாக்' எனப்படும் மீன் சேற்றில் தத்தித் தத்தித் தாவுவதைக் குழந்தைகள் கால்மணி நேரம் வாய்பேசாமல் கவனிக்கின்றனர். சேற்றில் காற்றோட்டம் இல்லாமையால் வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து மூச்சுவிடுவதையும், கண்டல் மரத்தின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்டு, பின்னர்ச் சேற்றில் விழுவதையும் அவர்கள் கண்ணாரக் காண்கின்றனர். பெரிய பிள்ளை சொல்ல, சிறிய பிள்ளை வரைகிறது. ஒரே வயதினரை ஒரே அறையில் அடைக்கும் வழக்கம் அங்கில்லை.

அத்தகைய வகுப்பொன்றுக்கு ஒரு பாட்டியும் வந்திருந்தார். ஜொகூர்த் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர். பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவர். வகுப்புக்குக் கட்டணம் உண்டென்று மருமகள் சொன்னதும் அவர் சிரித்தார்.

"கொசுக்கடியையும் சேத்தையும் காசு கட்டியா பாக்க வர்றீங்க? எங்களுக்கெல்லாம் தீம்பாருல சும்மாவே குடுத்தாங்க!"

முந்திய இரவின் காற்றில் ஒரு கிளை முறிந்து பாதையோரம் தொங்கிற்று. பேரன் அதைத் தொடப் போனான். பாட்டி சட்டென்று அவன் கையைப் பற்றினார்.

"வேணாம்யா. பால் வடியுது பாரு. கண்ணுல பட்டா போச்சு."

வழிகாட்டி வியந்தார். அம்மரத்தை மலாய்க்காரர்கள் 'பூத்தா-பூத்தா' என்பர். குருடு என்பது அதன் பொருள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பாட்டி அம்மரத்தை அதற்குமுன் கண்டதில்லை. ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரைபிடித்து, மங்கில் வடிந்த பாலோடு வாழ்ந்த கைகளுக்கு அது தெரிந்திருந்தது. இரப்பர் மரமும் அம்மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று வழிகாட்டி விளக்கினார். பின்பு பாட்டியே ஆசிரியரானார். வெயில் ஏறினால் பால் குறையும்; அதனால்தான் இருட்டிலேயே வெட்டப் போவோம் என்று அவர் கூற, பிள்ளைகள் அதையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டனர்.

அன்றிரவு அப்பிள்ளைகளின் தாய் அகராதியைப் புரட்டினார். அம்மரத்தின் தமிழ்ப் பெயர் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த அதே மரம்! கோவிலின் பெயராகக் காலமெல்லாம் கேட்ட சொல், பேருந்தில் சென்று காணக்கூடிய ஒரு மரமாக நிற்பதை அக்குடும்பம் அன்றுதான் அறிந்தது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கினார் கபிலர். அம்மொழியின் வழிவந்த குழந்தைகளின் குறிப்பேட்டில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. மறுநாள் முதல் அவற்றில் தமிழுக்கும் மலாய்க்கும் தனித்தனி நிரல்கள் தோன்றின.

வெட்டவெளி உடலுக்கும் நன்மை செய்கிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு நடத்தினர். மூன்றாண்டுகளின் முடிவில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை தோன்றிற்று. அவ்வகுப்பு இல்லாத மாணவருள் அது 39.5 விழுக்காடு. இம்முடிவு 2015இல் வெளிவந்தது. பகலொளி விழித்திரையில் சுரக்கச்செய்யும் ஒரு வேதிப்பொருளே கண்விழி அளவுக்குமீறி நீள்வதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

எனினும், மறுபக்கத்தையும் நோக்குதல் கடமையாகும். இல்லக் கல்வியை மேற்கொள்ளப் பெற்றோருள் ஒருவராவது வீட்டில் இருக்கவேண்டும். இயற்கை வகுப்புக்குக் கட்டணமும் வேண்டும். இருவரும் உழைத்தாலன்றி உலைவைக்க இயலாத குடும்பங்களுக்கு இது எட்டாக்கனியே. பாட்டியின் சிரிப்பில் ஒரு கசப்பும் கலந்திருந்தது. தோட்டத்துச் சிறுவர்க்கு இயற்கை இன்பப்பொழுதாக வரவில்லை, வேலையாக வந்தது. பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைகளுக்கு, காடு கற்பித்ததை எழுதிவைக்க ஏடும் இல்லை. அதைக் கல்வி என்று மதிக்க ஆளும் இல்லை. அவர்கள் விட்டுவந்த மண்ணை நோக்கி, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விரும்பிச் செல்கின்றனர். விருப்பத்தோடு செல்வதற்கும் வேறு வழியின்றிக் கிடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டு, பழைய வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவது அம்முதியவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

அவ்வாறாயின், செய்யத்தக்கது யாது? ஒரு சில இல்லங்கள் கண்டறிந்த நன்மையைப் பொதுப்பள்ளிகள் எடுத்தாளுதலே அது. மலேசியாவின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்றும் தோட்டத்திலோ தோட்டத்தின் விளிம்பிலோ நிற்கின்றன. வேலிக்கு அப்பால் ஓடையுண்டு; செம்பனை நிழலில் பறவையுண்டு. அவற்றைக் காணக் கட்டணம் இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், பிள்ளைகளைக் கண்காணிக்க இரண்டு பெரியவர்கள் ஆகியவை இருப்பின் போதும். அப்பெரியவர்களுள் ஒருவர் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியாக இருப்பாராயின், அவ்வகுப்பு மேலும் சிறக்கும். அவரை விருந்தினராக அன்றி ஆசிரியராக அமர்த்துதல் வேண்டும். அவர் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அப்பெயர்கள் அவரோடு மறைந்தால், மீண்டும் தோண்டியெடுக்க எந்த அகராதியும் முழுமையாக உதவாது.